போனில் ‘சார்’ என்கிறார்கள், எனக்குப் பாட வருமா?

கேள்வி: எனக்கு வயது 38. பள்ளி ஆசிரியை. பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்தே எனக்குக் கனத்த குரல். போனில் பேசினால் எதிர்முனையில் ‘சொல்லுங்க சார்’ என்பார்கள். சிறு வயது ஆசையை விட முடியாமல் சில மாதங்களாக மாலை வகுப்பொன்றில் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். எல்லோரும் ஐந்தரைக் கட்டையில் சேர்ந்து பாடுகிறோம். மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) தாண்டினால் எனக்குத் தொண்டை இறுகிக் கீச்சிடுகிறது. மறுநாள் பள்ளியில் பேசவே வலிக்கிறது. ‘பேசுகிற குரலே இப்படி இருக்கும்போது பாட்டு எங்கிருந்து வரும்?’ என்கிறார் என் நாத்தனார். அவர் சொல்வது சரிதானா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. பேச்சுக் குரலை வைத்து ஒருவர் எவ்வளவு நன்றாகப் பாடுவார் என்று யாராலும் கணிக்க முடியாது. எந்தச் சுருதியில் பாடினால் அவருக்கு வசதி என்பதை வேண்டுமானால் ஓரளவு ஊகிக்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது உங்கள் குரல் அல்ல, அந்த ஐந்தரைக் கட்டைதான். கட்டை என்பது ‘ஸ’வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறோம் என்பதற்கான அளவு; எண் கூடக் கூடச் சுருதியும் உயரும்.

பேசுவதற்கும் பாடுவதற்கும் கருவி ஒன்றே. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள், பெண்களுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், ஆண்களுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. நாண் நீண்டு தடித்திருந்தால் அதிர்வின் வேகம் குறையும், குரல் இறங்கும். பெண்கள் இயல்பாகப் பேசும்போது விநாடிக்கு ஏறக்குறைய 200 அதிர்வுகள், ஆண்களுக்கு 110, 120. இதைக் கட்டைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்கள் பெரும்பாலும் எடுக்கும் ஐந்து கட்டையில் ஷட்ஜம் 196. ஆண்கள் பலர் எடுக்கும் ஒரு கட்டையில் 131. இரண்டுமே பேச்சுக் குரலுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. யாரும் கருவி வைத்து அளந்து விதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பார்த்து, தொண்டை நோகாத இடத்தில் வந்து நின்றிருக்க வேண்டும்.

போனில் உங்களை ஆண் என்று நினைக்கிறார்கள் என்றால், உங்கள் பேச்சு 160, 175 அளவில் இருக்கக்கூடும். அது ஏறக்குறைய மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் இடைப்பட்ட இடம். ஐந்தரைக் கட்டையில் தார ஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது மேல் ‘ப’வை, தொட உங்கள் நாண்கள் விநாடிக்கு 620 முறைக்கு மேல் அதிர வேண்டும். நான்கு கட்டையில் அதே பஞ்சமத்துக்கு 524 போதும். மற்றவர்கள் நடந்து போகும் இடத்துக்கு நீங்கள் கழுத்து நரம்பு புடைக்க ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். கீச்சிடாமல் என்ன செய்யும்?

கனத்த குரல் பாட்டுக்கு ஆகாது என்பவர்களை டி.கே. பட்டம்மாளின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். தாழ்ந்த சுருதி, அழுத்தமான குரல், பெண்கள் மேடையில் விரிவாகப் பாடத் தயங்கிய ‘ராகம் தானம் பல்லவி’யைத் தன் அடையாளமாக்கிக்கொண்டவர். ஆண்களில் எம்.டி. ராமநாதன் (1923–1984). அவர் பாடிய சுருதிக்கு இறங்கிப் போகவே பலருக்குத் தொண்டை போதாது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதால் உச்சத்தில் பாட வேண்டிய காலம் அது. மைக் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் ‘நல்ல குரல் என்றால் உயர்ந்த குரல்’ என்ற எண்ணம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

பேச்சில் தாழ்ந்து ஒலிப்பவர்கள் மேலே பாட முடியாது என்றும் இல்லை. பேசும்போது நாம் நம் குரலின் அடிப்பகுதியில் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்தான் உலவுகிறோம். மந்தர பஞ்சமத்திலிருந்து (கீழ் ‘ப’) தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி (ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த உயரத்தில் வரும் அதே ஸ்வரம் வரை ஒரு ஸ்தாயி) தேவைப்படும் பாட்டுக்கு அந்தச் சிறு துண்டு எப்படி உரைகல்லாகும்? எஸ்.பி. பாலசுப்ரமணியம் பேட்டிகளில் பேசுவதைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு கனத்த குரல் என்று தெரியும். அவர் பாடிய உச்சங்களும் தெரியும்.

சொல்லப்போனால், இந்த விஷயத்தில் நம்மைப் போல ஏமாறத் தயாரான ரசிகர்கள் வேறெங்கும் குறைவு. சிவாஜி வசனம் பேசி முடிப்பார், அடுத்த நொடி டி.எம். சௌந்தரராஜன் பாடுவார், அது இன்னொருவர் குரல் என்று தியேட்டரில் யாரும் நினைத்ததில்லை. அதே டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது வேறு மாதிரி ஒலிப்பார். நடிகர் சொல்லை எப்படி வீசுகிறார், எந்த எழுத்தில் அழுத்துகிறார் என்பதைப் பிடித்துக்கொண்டதில்தான் அந்த வித்தை இருக்கிறது. பேச்சையும் பாட்டையும் ஒரே ஆளுடையதாகக் காட்டுவது சுருதியைவிட உச்சரிப்புதான் என்பது என் கட்சி.

பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும்போது உண்மையில் மாறுவது மூச்சும் நிலைப்பும். பேசும்போது குரல் ஓரிடத்தில் நிற்பதில்லை, சறுக்கிக்கொண்டே போகிறது. பாட்டில் அது ஒரு ஸ்வரத்தில் நின்றாக வேண்டும். நிற்க இடம் கொடுப்பவை உயிரெழுத்துகள். மெல்லினமும் இடையினமும்கூடக் கொடுக்கும், ‘ம்’மையோ ‘ல்’லையோ நீட்டிப் பாருங்கள். ‘க்’கையும் ‘ப்’பையும் நீட்ட முடியாது, அங்கே ஒலி அடைபட்டுவிடும். அதனால் உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். தேவாரத்திலோ திருவாசகத்திலோ உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வகுப்பில் பாடம் வாசிப்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லுங்கள். பிறகு அதையே ஒரே ஸ்வரத்தில், நெடில்களைச் சற்று நீட்டிச் சொல்லுங்கள். அதன் பிறகு மூன்று ஸ்வரங்களுக்குள், தாளமில்லாமல், விருத்தம்போல இழுங்கள். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று உங்களுக்கே தெரியாது.

சுருதியைக் கண்டுபிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் உட்காருங்கள். எழுந்த உடனே குரல் தாழ்ந்திருக்கும், மாலையில் களைத்திருக்கும், இரண்டும் வேண்டாம். யாராவது கதை சொல்லும்போது ‘ம்ம்’ கொட்டுவீர்களே, அப்படி யோசிக்காமல் கொட்டுங்கள். தம்பூரா செயலியில் அதற்கு நெருங்கிய கட்டையை வைத்து, கீழே மந்தர பஞ்சமம் காதில் விழும்படி வருகிறதா, மேலே தார காந்தாரம் (மேல் ‘க’) முகம் சுளிக்காமல் வருகிறதா என்று பாருங்கள். கீழே காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள், மேலே இறுகினால் அரைக் கட்டை இறக்குங்கள். நான்கு அல்லது நாலரையில் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். சில மாதம் பழகிய பிறகு அது மாறவும் செய்யலாம்.

உங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது பிள்ளைகளுக்கு மேலே குரலை எழுப்பிவிட்டு, அதே மாலை பாட்டு வகுப்புக்குப் போகிறீர்கள். பேச்சில் களைத்த நாண்கள்தான் பாட்டுக்கும் வர வேண்டும், அதற்கென்று தனி ஜோடி கிடையாது. ஆசிரியர்களுக்குக் குரல் நாணில் முடிச்சு விழுவது சாதாரணமாகக் காணப்படுவது. பள்ளிக்கும் பாட்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது பேசாமல் இருங்கள். கிசுகிசுப்பதும் ஓய்வல்ல, அதுவும் நாண்களை இறுக்கும். உங்கள் கனத்த குரல் சிறுவயது முதல் இருப்பது, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதிதாகக் கரகரப்பு வந்து மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும்.

இனி உங்கள் ஆசிரியர். இருபது பேருக்கு ஒரே கட்டை என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் ரவிக்கை தைப்பது போலத்தான். ஆனால் குழு வகுப்பில் அவருக்கும் வேறு வழி குறைவு. ‘டீச்சர், ஐந்தரையில் எனக்குத் தொண்டை வலிக்கிறது, நான் வீட்டில் நான்கில் சாதகம் செய்துவிட்டு வரலாமா, வகுப்பில் மேல் ஸ்தாயி வரும் இடத்தில் தாளம் மட்டும் போடலாமா?’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் தனியே அழைத்து ஒரு தரம் பாடச் சொல்லிக் கேட்பார். ‘பழகினால் ஏறிவிடும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கட்டிய பணத்தை நினைத்துத் தயங்காமல் வேறு ஆசிரியரைப் பாருங்கள். தஞ்சாவூரில் அதற்குப் பஞ்சமில்லை.