ஒப்பந்த மீன்பிடி உரிமை என்றால் என்ன? அமெரிக்கப் பழங்குடிகள் அதற்காக ஏன் வழக்காட வேண்டியிருந்தது?

பழங்குடிகள் தங்கள் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, தங்களுக்கெனத் தக்கவைத்துக்கொண்ட உரிமையே ஒப்பந்த மீன்பிடி உரிமை. இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் 1854-இல் கையெழுத்தான மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தில், நிஸ்குவாலி உள்ளிட்ட மக்கள் பெரும் நிலப்பரப்பைக் கொடுத்தார்கள். ஆனால் வழக்கமான இடங்களில் மற்றக் குடிமக்களோடு சேர்ந்து மீன்பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. தோட்டத்தை விற்பவர், அதன் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியதையைக் கிரயப் பத்திரத்திலேயே தமக்கென எழுதிவைத்துக்கொள்வதைப் போன்றது இது. ஆகவே, இதை அரசு தந்த சலுகை என்பது தவறு.

சால்மன் மீன் குறைந்தபோது, மாநில அரசு தன் மீன்வளச் சட்டங்களைக் காட்டி அவர்களைத் தடுத்தது. நிஸ்குவாலி ஆற்றில் வலை போட்டதற்காக நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் 1945-இல், வெறும் 14 வயதில், கைது செய்யப்பட்டார். பின்னர் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். இது அப்பட்டமான அநீதி. 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், மீனைப் பழங்குடிகளும் மற்ற மீனவர்களும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படையில் உறுதிசெய்தது.

பலர் நினைப்பதுபோல் அத்தீர்ப்பு ஆற்றிலுள்ள மொத்த மீனில் பாதியைப் பழங்குடிகளுக்குத் தரவில்லை. இனப்பெருக்கத்திற்குத் தேவையானதை விட்டுவைத்தபின், பிடிக்கத்தக்க மீனில்தான் பாதிவரை பங்கு.