ஊழும் ஆள்வினையும் – மார்கரெட் ஆர்ச்சர் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் ஆர்.கே. புரத்தில் நடந்த வாசகர் சந்திப்பில் சமூகவியலாளர் மார்கரெட் ஆர்ச்சரைப் பற்றிச் சிறிது நேரம் பேசினீர்கள். நான் தில்லியில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் நடத்தலாம் என்று நாங்கள் சில தமிழ் மாணவர்கள் நினைக்கிறோம். ஆனால் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சமூக அமைப்பும் உண்டு, மனித முயற்சியும் உண்டு என்பதைத்தான் அவர் நூல் நூலாக எழுதினார் என்றால், ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வைத்த வள்ளுவர் அதை முன்பே சொல்லிவிட்டாரே என்கிறார் ஒரு நண்பர். இங்கிலாந்தின் பள்ளிகளையும் தொழிலாளர்களையும் பற்றி எழுதியவருக்குத் தில்லியில் வாழும் தமிழர்கள் எதற்காக விழா எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். அவரை எப்படி நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

க.
முனிர்கா, புது தில்லி

அன்புள்ள க.,

வள்ளுவரை முன்வைத்த நண்பரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆர்ச்சர் செய்தது என்ன என்பதை விளங்கவைக்க அதைவிட நல்ல வாசல் தமிழில் இல்லை. ஊழைவிட வலியது வேறு எது என்று 38ஆவது அதிகாரத்தின் கடைசிக் குறள் கேட்கிறது. தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறமுதுகிடச் செய்வார் என்று 62ஆவது அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார், இரண்டையும் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம், ஆனால் எந்தச் சூழலில் எது வெல்லும், ஏன் வெல்லும் என்பது நம் கையில் இல்லை. தோற்றவருக்கு முதல் குறளையும் வென்றவருக்கு இரண்டாவதையும் சொல்லி ஆறுதலோ பாராட்டோ தருவதுதான் நம் வழக்கம். இன்னொரு வேறுபாடும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமானது. ஊழை யார் செய்தது என்று கேட்டால் முற்பிறவியைத் தவிர வேறு விடை கிடைக்காது. ஆர்ச்சர் 'அமைப்பு' என்று சொல்வதை யார் செய்தது என்று கேட்கலாம், கேட்டாக வேண்டும், பெரும்பாலும் ஆவணக் காப்பகத்தில் அதற்கு விடையும் இருக்கும். அது மனிதர்கள் செய்தது, பலவேளைகளில் அவர்கள் நினைத்தே பார்த்திராத வடிவத்தில் வந்து முடிந்தது, அவர்கள் மறைந்த பிறகும் நிலைத்திருப்பது. சமூகத்தில் செயல்படுவோரில் பெரும்பான்மையினர் இறந்தவர்களே என்ற, சமூகவியலுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகுஸ்த் கோம்த்தின் கருத்தை ஆர்ச்சர் விரும்பி எடுத்தாண்டதற்குக் காரணம் இதுவே.

1943இல் பிறந்து 2023 மே மாதம் மறைந்த ஆர்ச்சர், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்து, பாரிஸில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் குழுவினரோடு சில காலம் பணியாற்றி, பிறகு வார்விக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். அவருடைய முதல் பெரிய நூல், கல்வி அமைப்புகளின் சமூகத் தோற்றம் குறித்தது, 1979இல் வெளிவந்தது. இங்கிலாந்து, பிரான்ஸ், டென்மார்க், ருஷ்யா ஆகிய நான்கு நாடுகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் கல்வி மையப்படுத்தப்பட்டதாகவும் சிலவற்றில் பரவலாக்கப்பட்டதாகவும் ஏன் அமைந்தது என்று கேட்ட நூல் அது. பிரான்ஸில் புரட்சிக்குப் பின் வந்தவர்கள் திருச்சபையின் சொத்தையும் பள்ளிகளையும் சட்டத்தின் பலத்தால் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் நெப்போலியன் கல்வி முழுவதையும் ஒரே அரசுக் கூரையின் கீழ் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையை அப்படி அகற்ற எவருக்கும் வலு இல்லாததால், அதை எதிர்த்தவர்கள் தங்களுக்கென்று தனியாகப் பள்ளிகளைக் கட்டினார்கள். 1870இல் அரசு கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது ஏற்கெனவே இருந்த இந்தப் போட்டிப் பள்ளிகளை விலக்கிவிட்டு எதையும் செய்ய முடியவில்லை. பறித்துக்கொள்ளுதல், போட்டியாகக் கட்டுதல் என்ற இந்த இரண்டு வழிகளின் விளைவைத்தான் நூறாண்டுக்குப் பின்னும் அந்த நாடுகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தில்லித் தமிழ்ப் பள்ளிகள்தாம் நினைவுக்கு வந்தன. அரசாங்க வேலைக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923இல் தோன்றியது, இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. இருந்த பள்ளிகளை எதிர்த்துப் போராடாமல், பக்கத்திலேயே தமக்கென ஒன்றைக் கட்டிக்கொண்ட வழி அது. தொடங்கியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனால் லோதி எஸ்டேட்டில் ஒரு பள்ளி இருப்பதால்தான் அதைச் சுற்றிய பகுதியில் வீட்டு வேலை செய்யும் ஒரு தமிழ்த் தாய், பிள்ளை தமிழ் படிக்க வேண்டுமா, அதற்காக எங்கே குடியிருக்க வேண்டும் என்று யோசிக்கவே முடிகிறது. இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி எழுதியவர் நமக்கு எதற்கு என்ற இரண்டாவது நண்பருக்கு என் விடையின் பாதி இதில் இருக்கிறது.

1979 சமூகக் கோட்பாட்டுக்கு விளைச்சல் மிகுந்த ஆண்டு. அதே ஆண்டில்தான் பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ், அமைப்பும் செயலும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள் என்ற தம் கருத்தை விரித்து ஒரு முக்கிய நூலை வெளியிட்டார். இந்தியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ராய் பாஸ்கரும், இயற்கை அறிவியலுக்கென 1975இல் தாம் முன்வைத்த மெய்யியலைச் சமூக அறிவியலுக்கு விரித்து அதே ஆண்டில் எழுதினார். நம் அனுபவத்துக்கு வருவது மட்டுமே உண்மை அல்ல, நிகழ்ந்தவை மட்டுமே உண்மை அல்ல, அவற்றை நிகழ்த்தும் ஆற்றல் உடையவை நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் இருக்கின்றன என்பது பின்னர் விமர்சன யதார்த்தவாதம் என்று பெயர்பெற்ற அந்தச் சிந்தனையின் அடிப்படை. அந்த மெய்யியலைச் சமூகவியலாளர் நடைமுறையில் பயன்படுத்தக்கூடிய கருவியாக வடித்துக் கொடுத்தவர் ஆர்ச்சர். அதை முழுமையாகக் காட்டுவது 1995இல் வந்த அவருடைய நூல்.

கருவி மிக எளிமையானது: காலத்தைக் கவனி. முதலில், இன்றைய மனிதர் எவரும் தேர்ந்தெடுக்காத ஒரு நிலைமை முன்பே இருக்கிறது. அதற்குள் நின்று, அது விதிக்கும் செலவுகளோடும் அது தரும் வசதிகளோடும் மனிதர்கள் ஒருவரோடொருவர் உறவாடுகிறார்கள், மோதுகிறார்கள். அதன் முடிவில் நிலைமை மாறுகிறது அல்லது முன்போலவே நிலைக்கிறது, அடுத்து வருவோருக்கு அதுவே தொடக்கம் ஆகிறது. மாறுவதை அவர் மார்ஃபோஜெனிஸிஸ் என்றும் நிலைப்பதை மார்ஃபோஸ்டாஸிஸ் என்றும் அழைத்தார். தமிழில் உருமாற்றம், உருநிலைப்பு என்று சொல்லலாம். 'எல்லாம் சாதி தீர்மானித்துவிட்டது' என்று பேசுவோரும், 'உழைத்தால் எவரும் முன்னேறலாம்' என்று பேசுவோரும் அமைப்பு, செயல் இரண்டில் ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றே என்ற கிடன்ஸின் விடையைத்தான் அவர் இன்னும் கடுமையாக எதிர்த்தார். பிரிக்காவிட்டால் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று கேட்க இடமே இல்லாமல் போகிறது என்பதால்.

கியூபப் புரட்சியை வைத்து அவர் தந்த எடுத்துக்காட்டை நான் வகுப்பில் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். எழுத்தறிவில்லாத நாட்டைக் கைப்பற்றிய காஸ்ட்ரோ, எழுதப்படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையைப் பின்பற்றியதாக வைத்துக்கொள்வோம் என்கிறார். எண்களை நான் எனக்கு வசதியாக இட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருவர் ஒருவருக்குக் கற்பித்தால், நூற்றுக்கு 25 பேர் படித்திருந்த நாட்டில் இரண்டே ஆண்டில் வேலை முடிந்துவிடும். 5 பேர் மட்டுமே படித்திருந்த நாட்டில் நான்காம் ஆண்டின் முடிவிலும் 80 பேரையே எட்டியிருப்பார்கள், ஐந்தாம் ஆண்டும் தேவைப்படும். ஆர்வமும் ஆணையும் உழைப்பும் இரண்டு நாடுகளிலும் ஒன்றே. கூடுதலாகத் தேவைப்படும் அந்த மூன்று ஆண்டுகள் இறந்துபோனவர்கள் விட்டுச்சென்றவை. நாணயத்தின் இரண்டு பக்கங்கள் என்று சொல்லிவிட்டால் அந்த மூன்று ஆண்டுகளை எங்கே எழுதுவது?

ஆனால் ஆர்ச்சரை நான் நேசிப்பது இந்தக் கணக்குக்காக மட்டும் அல்ல. நிலைமை மனிதர்களைப் பாதிக்கிறது என்றால் எந்த வழியாகப் பாதிக்கிறது என்று அவர் மேலும் கேட்டார். ஒரே நிலைமையில் இருக்கும் இருவர் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கிறார்கள்? ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் தம்மோடே பேசிக்கொள்ளும் பேச்சின் வழியாக, எது தமக்கு முக்கியம், அதற்காக எதை விடலாம் என்று எடைபோடுகிறார்கள் என்பது அவருடைய விடை. இந்த அகவுரையாடலைப் பற்றி மட்டும் 2003, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்கள் எழுதினார். அதற்காகக் கோவென்ட்ரி நகரத்தின் சாதாரண மனிதர்களிடமும் தம் பல்கலைக்கழக மாணவர்களிடமும் பொறுமையாக உட்கார்ந்து பேசினார்.

அதன் பொருளை எனக்குக் காட்டியவர் எங்கள் வீட்டில் சமையல் வேலை செய்யும் பெண்மணி. நாங்கள் ஜங்புராவில் இருக்கிறோம். பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடிகாலைச் சீரமைப்பதற்காக உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கே, நகரின் வடக்கு விளிம்பில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி கிடைத்தது. அங்கே குடியிருந்த எங்கள் வீட்டுப் பெண்மணிக்குக் கிடைத்தது. அந்த மே மாதத்தில் ஒருநாள் காலை, சமையலறைத் தரையில் முளைக்கீரையை ஆய்ந்துகொண்டு, நான் வாசலில் நிற்பது தெரியாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "வீடு குடுக்குறாங்க, வாங்கிக்க வேண்டியதுதான். அங்க போயி யார் வீட்டுல வேலை செய்யறது? பஸ்ஸுக்கே பாதி சம்பளம். பையன் பத்தாவது. பத்தாவது முடியட்டும்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் ஒரு கீரைத் தண்டை ஒடித்தார். இலை ஒருபுறமும் தண்டு ஒருபுறமுமாகக் குவிந்தன. பிறகு கைபேசியை எடுத்து விழுப்புரம் பக்கத்தில் இருக்கும் தன் தங்கையிடம் அதே கேள்விகளை, அதே வரிசையில், இம்முறை உரக்கக் கேட்டார். நரேலா வீட்டை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பையனை அதே பள்ளியில் தொடரச் செய்தார்.

வடிகாலின் கரையில் குடியிருப்பு எழுந்ததும், அது இடிக்கப்பட்டதும், மாற்று வீடுகளுக்கான இடம் அவ்வளவு தொலைவில் அமைந்ததும் அவர் செய்தவை அல்ல. ஆனால் அந்த நிலைமை அவரை நேராக எங்கும் தள்ளிவிடவில்லை. பையனின் பத்தாம் வகுப்பு என்ற அவருடைய அக்கறையின் வழியாகச் சென்ற பிறகுதான் அது ஒரு முடிவாக ஆனது. வேறு அக்கறை கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் நரேலாவுக்குப் போனார். இதில் எதையும் ஊழ் என்று சொல்லி முடித்துவிட முடியாது, அவருடைய முயற்சி என்று மட்டும் சொல்வதும் பெரிய அநியாயம்.

ஆர்ச்சரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு, நினைவுக் கூட்டத்தில் அதையும் பேசுங்கள். தம் சிந்தனையை நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடம் சொல்லி உறுதிசெய்துகொள்பவர்கள், தமக்குள்ளேயே முடிவெடுப்பவர்கள், தம் முடிவுகளையே மதிப்பீட்டுக்கு உள்ளாக்குபவர்கள், யோசிக்க யோசிக்கக் குழப்பமே மிஞ்சுபவர்கள் என்று அவர் நான்கு வகை காட்டினார். முதல் வகையினரைத் தாழ்வாக அவர் பார்க்கவில்லை. குடும்பத்தையும் நட்பையும் காப்பாற்றுவதற்காகப் பதவி உயர்வை விட்டுக்கொடுத்தவர்களின் வாழ்க்கையைத் தேக்கம் என்று சொல்லாமல், அவர்கள் முயன்று கட்டிக்காத்தது என்றே எழுதினார். ஆனால் பிறந்த ஊரும் உறவும் தொடர்ச்சியை இழக்கும் இக்காலத்தில் அந்த வகை சுருங்கிவருகிறது என்ற முடிவுக்குப் பின்னாளில் வந்தார். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ வந்தும் தங்கையிடம் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்காத பெண்களை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஊர் அறுந்தாலும் உரையாடும் ஆள் அறுவதில்லை. இது கோவென்ட்ரியில் கிடைக்காத சான்று, இதைச் சேகரிக்க வேண்டியவர்கள் உங்களைப் போன்றவர்கள்.

அயலவர் என்ற மறுப்புக்கு மிச்சப் பாதி விடை இந்த நகரத்திலேயே இருக்கிறது. 1986இல் பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தின் 11ஆவது உலக மாநாடு புது தில்லியில்தான் நடந்தது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் தலைவராக ஆர்ச்சர் பொறுப்பேற்றதும் அப்போதுதான். நான்கு ஆண்டுகள் கழித்து மத்ரித் மாநாட்டின் தலைமை உரையில், ஒரே உலகத்துக்கான ஒரு சமூகவியலைப் பற்றிப் பேசினார். மேற்கின் அனுபவத்தையே எல்லோருடைய விதியாகக் காட்டும் பொய்யான பொதுமையை அவர் ஏற்கவில்லை. நாட்டுக்கு நாடு அறிவே வேறு என்று பிரித்துவைப்பதையும் அவர் ஏற்கவில்லை. பகுத்தறியும் ஆற்றல் மனிதர் எல்லோருக்கும் பொது என்பதே அவருடைய பிடிமானம். இறைநம்பிக்கை மிகுந்த கத்தோலிக்கரான அவர், 2014 முதல் 2019 வரை போப்பின் சமூக அறிவியல் கழகத்துக்குத் தலைமை வகித்த காலத்தில், மனிதக் கடத்தலை அதன் முதன்மை அக்கறைகளில் ஒன்றாக்கியதையும் இதன் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

கூட்டத்துக்குப் படம், மாலை, வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் இருக்கட்டும். அவற்றோடு 1979 நூலின் பிரான்ஸ், இங்கிலாந்து பகுதிகளை இருவர் படித்துத் தமிழில் சுருக்கிச் சொல்லட்டும். இன்னொருவர் தில்லித் தமிழ்ப் பள்ளிகளில் ஏதேனும் ஒன்றின் பழைய ஆண்டு மலர்களைத் தேடி, முதல் பத்தாண்டுகளில் யார், எதற்காக, எந்தத் தடையோடு அதை நடத்தினார்கள் என்று தொகுக்கட்டும். எங்கள் வீட்டுப் பெண்மணியிடமும் கேட்டேன். பையனின் தேர்வு முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவதில் அவருக்குத் தடையில்லை, தங்கையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.