புயல் அடங்கியபின் மிஞ்சும் வெறுமை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். எனக்கு வயது 29. நான்கு வருடங்களுக்கு முன் மருத்துவர் எனக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்றார், உணர்ச்சிகளும் உறவுகளும் ‘நான் யார்’ என்பதும் நிலையாக நிற்காத மனநோய். அன்றிலிருந்து சிகிச்சையில் இருக்கிறேன். கையைக் கீறிக்கொள்வதை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. நடுராத்திரியில் ஃபோன் போட்டு யாரிடமும் கத்துவதில்லை. நான் தேறிவிட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை அக்கா. சோகம்கூட இல்லை. போன வாரம் அலமாரியைத் திறந்து இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. அண்ணன் வந்து கூப்பிட்டபோதுதான் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது தெரிந்தது. அவனிடம் சொன்னால், “சும்மா இருந்தா போரடிக்கத்தான் செய்யும், ஏதாவது கத்துக்கோ” என்கிறான். தெரிந்த பெரியவர் ஒருவர், “இந்த வெறுமைக்காகத்தானே ஞானிகள் தவம் கிடந்தார்கள்” என்கிறார். இது போரா, ஞானமா, இல்லை நோய் திரும்புகிறதா? உங்கள் பதிலை அண்ணனிடம் காட்டலாமா?

ர. (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ர,

நான் மருத்துவர் இல்லை. என் நெருங்கிய தோழி ஒருத்திக்கு இதே நோய். பதினோரு வருடமாக அவள் பக்கத்தில் இருக்கிறேன். அவளுக்காகப் படிக்கத் தொடங்கியதுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம். அவளைப் பற்றி எழுத அவளிடமே கேட்டுவிட்டேன். சரி என்றாள்.

முதலில் அந்த இரண்டு சட்டைகள். போரடிக்கும்போது நமக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, அது கிடைக்காமல் தவிக்கிறோம். பிடித்த ஒருவர் வந்து உட்கார்ந்து பேசினால் அந்தச் சலிப்பு போய்விடும். உங்கள் கடிதத்திலோ, ‘எனக்கு இது வேண்டும்’ என்று சொல்லவேண்டிய ஆளையே காணோம். இரண்டு சட்டைகளும் இருக்கின்றன, தேர்ந்தெடுக்கிறவள் இல்லை. அண்ணன் குழம்பியதில் தவறில்லை, மருத்துவ உலகமே குழம்பியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 1980-இல்தான் இந்த நோயைச் சேர்த்துக்கொண்டது. அப்போது ‘நாள்பட்ட வெறுமை அல்லது சலிப்பு’ என்று இரண்டையும் ஒன்றாகவே எழுதினார்கள். 1994-இல் வந்த நான்காம் பதிப்பில் சலிப்பை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஒன்பது அறிகுறிகளில் ஏழாவதாக வெறுமை மட்டும் நிற்கிறது. அந்த ஏழாவது அறிகுறியைத் தனியாக எடுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அது சலிப்போடு ஒட்டவே இல்லை, நம்பிக்கையின்மையோடும் தனிமையோடும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றது. என் தோழி அதைப் படித்துவிட்டு அழுதாள். இத்தனை நாள் ‘எனக்கு போரடிக்குது’ என்று தானே சொல்லிக்கொண்டிருந்தாளாம், வேறு சொல் கிடைக்காமல்.

அந்தப் பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. தியானத்தில் அமர்கிறவர் ‘தான்’ என்பதைக் கழற்றிவைக்க விரும்பிப் போகிறார். கழற்றிவைக்க முதலில் அது கையில் இருக்கவேண்டும். எழுந்து வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளவும் அவருக்குத் தெரியும். உங்களிடமிருந்தோ அதை யாரும் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்த நோயில் நெருங்கியவர் விட்டுப்போய்விடுவாரோ என்கிற பயம் பெரிது, உங்களுக்கே தெரியும். அதற்கும் வெறுமைக்கும் என்ன உறவு என்று பல வருடம் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் என் தோழி வீட்டிலிருந்து கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: “நீ கதவச் சாத்தினதும் நானும் இல்லாமப் போயிடறேன்.” குரலில் அழுகையில்லை, மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் பேசிக்கொண்டிருக்கும்வரை என் முகத்தைப் பார்த்து அவள் தன்னைத் தெரிந்துகொள்கிறாள். முகம் போனதும் அவளும் போய்விடுகிறாள். அந்த ராத்திரி ஃபோன்கள், சண்டைகள், பத்து நாளில் உயிருக்கு உயிராகிவிடும் நட்புகள் எல்லாவற்றையும் அன்றிலிருந்து நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கையைக் கீறியதுகூட அப்படித்தான் என்று பின்னால் ஒருமுறை சொன்னாள். வலித்தாலாவது நான் இருக்கேன்னு தெரியுமே என்று.

இது எங்கிருந்து வருகிறது? மார்ஷா லினஹன் என்கிற உளவியலாளர் சொல்லும் விளக்கம்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. 1961-இல், 17 வயதில், இவரே மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர். இந்த நோய்க்கான டிபிடி என்கிற பேச்சு சிகிச்சையை உருவாக்கிப் பெயர் பெற்ற பிறகு, 2011-இல்தான் அதை வெளியில் சொன்னார். அவர் விளக்கம் இதுதான்: எதையும் ஆழமாக உணர்கிற சுபாவத்தோடு ஒரு குழந்தை பிறக்கிறது. பயமா இருக்கு என்றால் ‘பயமெல்லாம் ஒண்ணுமில்ல’ என்கிறார்கள். வலிக்குது என்றால் ‘நடிக்காதே’ என்கிறார்கள். நாளடைவில் குழந்தை தன் உள்ளே பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவர் முகத்தைப் பார்த்தே தான் உணரவேண்டியதைத் தெரிந்துகொள்கிறது. பிடித்தது, பிடிக்காதது என்கிற சின்னச் சின்ன விஷயங்களால்தான் ‘நான்’ சேர்கிறது. அவை சேராமலே போய்விடுகின்றன. எல்லோருக்கும் இப்படித்தான் என்றோ, பெற்றவர்கள்தான் குற்றவாளிகள் என்றோ நான் சொல்லவரவில்லை. அன்பான வீடுகளிலும் இது நடக்கிறது.

நோய் திரும்புகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை உறுதியாகச் சொல்ல உங்கள் மருத்துவரால்தான் முடியும், இந்தக் கடிதத்தை அவரிடம் கொண்டுபோங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை எனக்குப் பழக்கமானது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி என்பவர் இந்த நோயுள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு 93 பேருக்கு நோய் தணிந்து, குறைந்தது 2 ஆண்டு அப்படியே இருந்தது. இது பெரிய செய்தி, யாரும் இதை உரக்கச் சொல்வதில்லை. அதே ஆய்வு இன்னொன்றும் காட்டியது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற வெளியே தெரிகிற அறிகுறிகள் சீக்கிரம் குறைகின்றன. வெறுமை, தனிமை, கோபம் போன்றவை மெதுவாகத்தான் நகர்கின்றன. ஆக, புயல் அடங்கியதால்தான் உங்களுக்கு இது இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். வீட்டிலிருப்பவர்களுக்கோ சத்தம் நின்றதே குணமானதாகிவிட்டது. நீங்கள் தனியாகிவிட்டீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காதீர்கள். இந்த வெறுமையோடு ‘இருந்து என்ன’ என்கிற எண்ணம் தலைகாட்டினால், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் ஒருவருக்கும் தெரியட்டும். இரண்டும் கைகோத்து வரக்கூடியவை.

வெறுமைக்கென்று மாத்திரை கிடையாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2009-இலேயே, இந்த நோய்க்கென்றோ இதன் தனித்தனி அறிகுறிகளுக்கென்றோ மருந்து தரவேண்டாம் என்றது. கூடவே மனச்சோர்வு போன்ற வேறு நோய் இருந்தால் அது வேறு கதை, எனவே சாப்பிட்டுவரும் மாத்திரை ஏதும் இருந்தால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பேச்சு சிகிச்சைதான் வழி. ‘ஏதாவது கத்துக்கோ’ என்று அள்ளிப் போட்டு நிரப்புவது என் தோழியிடம் பலிக்கவில்லை. கிடார் வாங்கினாள், ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் வீட்டில் ஒரு கிடார் இருந்தது, அவள் இல்லை.

பிறகு அவளுடைய சிகிச்சையாளர் ஒரு சின்ன நோட்டு போடச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு வரி, இன்றைக்கு எனக்குப் பிடித்தது எது, அல்லது பிடிக்காதது எது. யாரிடமும் கேட்காமல். அந்த நோட்டை எனக்குக் காட்டினாள். முதல் பதினாறு பக்கங்களில் தேதி மட்டும். பதினேழாவதில், ‘மழை நின்ற பிறகும் சொட்டுற சத்தம்’ என்று எழுதி, அடித்துவிட்டு, கீழே மறுபடியும் அதையே எழுதியிருந்தாள். அந்த அடித்தலை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏழாவது நோட்டு. வெறுமை போய்விட்டதா என்று கேட்டேன். “வரும். இருக்கும். போயிடும்னு இப்ப தெரியுது” என்றாள். முன்பு அது வந்தால், எப்போதும் அப்படியே இருந்ததாகவும் இனி எப்போதும் அப்படியே இருக்கப்போவதாகவும்தான் அவளுக்குத் தோன்றும்.

இந்தப் பதிலை அண்ணனிடம் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் கடிதத்தைக் கொடுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து உங்களைக் கூப்பிட்டவர் அவர். அந்த அலமாரியின் முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

அன்புடன்,
அக்கா