கன்டீன் டெண்டரும் பூட்டிய மைதானமும்: கேள்வி பதில்

பிள்ளைகளின் உடற்பருமன், பாடசாலை உணவு, விளையாட்டு பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வைத்தியர் இல்லை. இரத்தப் பரிசோதனை, மருந்து பற்றிக் கேட்டவர்கள் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வாகரையிலிருந்து ஓர் ஆசிரியர்: சேர், எங்கள் பக்கம் காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் நிறையப் பேர். இங்கே வந்து உடற்பருமன் என்று பேசுவது பகிடி மாதிரி இல்லையா?

உங்கள் கோபம் நியாயம். வாகரை, கிரான் பக்கம் எடை குறைந்த பிள்ளைதான் முதல் கவலை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில் தாய்க்கு உடம்பு கூடியிருக்கும், இளைய பிள்ளைக்கு எடை போதாமல் இருக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்று. மலிவாக வயிறு நிரப்புவது கோதுமை மாவும் சீனியும் எண்ணெயும். முட்டை, மீன், பயறு எல்லாம் விலை. 2022 பொருளாதார நெருக்கடியில் சட்டியிலிருந்து முதலில் காணாமல் போனவையும் அவைதான்.

2025இல் யுனிசெப் ஒரு கணக்கு வெளியிட்டது. 5 முதல் 19 வயது வரையானவர்களில், எடை குறைந்தவர்களைவிட உடற்பருமன் உள்ளவர்கள் உலகளவில் முதல் தடவையாகக் கூடிவிட்டார்கள். தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவும் மட்டும்தான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. நாங்கள் இருப்பது தெற்காசியாவில். வெள்ளம் வருவதற்கு முன்னர் வாய்க்கால் வெட்டுகிற நேரம் இது.

உங்கள் பள்ளிக்கூடத்தில் 'குறைத்துச் சாப்பிடு' என்று ஒரு சுவரொட்டியும் ஒட்ட வேண்டாம். பாடசாலை உணவில் முட்டையும் பயறும் சொன்னபடி வருகிறதா என்று பாருங்கள். மெலிந்த பிள்ளைக்கும் அதுதான் தேவை, உடம்பு கூடிய பிள்ளைக்கும் அதுதான் தேவை.

கல்லடியிலிருந்து ஒரு தாய்: ஐயா, மகனுக்கு 9 வயது. 134 சென்ரிமீற்றர், 42 கிலோ. மாமி 'நல்ல புஷ்டியான பிள்ளை, கண் வைக்காதே' என்கிறா. நான் பயப்பட வேண்டுமா?

தங்கச்சி, கணக்கைப் பார்ப்போம். 42 கிலோவை உயரமான 1.34 மீற்றரால் இரண்டு தடவை பிரித்தால் 23.4 வரும், இதைத்தான் பி.எம்.ஐ. (உடற்திணிவுச் சுட்டி) என்பார்கள். வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. பிள்ளைகளுக்கு அந்த அளவுகோலைப் பிடிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி வரைபில் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்றபடி பார்க்க வேண்டும். 5 வயதுக்கு மேல் +1 கோட்டைத் தாண்டினால் கூடிய எடை, +2ஐத் தாண்டினால் உடற்பருமன். 9 வயது ஆண் பிள்ளைக்கு 23.4 என்பது +2க்கு மேலே. எனவே ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுங்கள். பயப்பட அவசியமில்லை, தள்ளிப்போடவும் வேண்டாம்.

பட்டினி போடாதீர்கள். வளர்கிற பிள்ளை. எடையை அப்படியே பிடித்து வைத்து உயரம் ஏற விட்டாலே பல பிள்ளைகளுக்குக் கணக்குச் சரிவந்துவிடும். மாமியோடு சண்டையும் வேண்டாம். அவ பிள்ளைகள் சாப்பாடில்லாமல் கிடந்த காலத்தைப் பார்த்தவ. 'சோற்றைக் குறைக்கவில்லை மாமி, தேத்தண்ணிச் சீனியைத்தான் குறைக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீடுகளில் போத்தல் பானத்தைவிடத் தேத்தண்ணிக் கோப்பையால் போகும் சீனிதான் கூட என்பது என் எண்ணம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன்: மகள் படிக்கும் பாடசாலைக் கன்டீனில் ரோல்ஸ், பற்றிஸ், நிறம் போட்ட ஜூஸ் பக்கெற், டொபி. அதிபரிடம் சொன்னால் 'டெண்டர் எடுத்தவர் பாடு' என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கல்வி அமைச்சின் கன்டீன் வழிகாட்டல் எப்போதோ வந்துவிட்டது. குளிர்பானம், டொபி போன்றவை விற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இருந்தும் ஏன் விற்கிறார்கள்? வாடகையைப் பாருங்கள். பல இடங்களில் யார் கூடக் கேட்கிறாரோ அவருக்கே கன்டீன். அந்த வாடகையை எடுக்க வேண்டும், அதற்குமேல் அவரும் சீவிக்க வேண்டும். அவித்த கடலையில் வரும் இலாபமும் ஜூஸ் பக்கெற்றில் வரும் இலாபமும் ஒன்றில்லை. பக்கெற் பழுதாகாது, மிஞ்சினால் நாளைக்கு விற்கலாம். கௌப்பி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பாருங்கள். கறுத்துப்போன எண்ணெயை மாற்றாமல் நேற்றையதின் மேலேயே இன்றையதை ஊற்றியிருப்பார்கள். அந்த மனிசனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, அவரை அப்படி ஓட வைப்பது டெண்டர் கடதாசி.

ஆகவே கைவைக்க வேண்டிய இடம் அந்தக் கடதாசி. அடுத்த டெண்டர் கோருவதற்கு முன்னரே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். விற்கக் கூடாதவற்றின் பெயர்ப் பட்டியல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவித்த தானியம் ஒன்று, முட்டை, ஏதாவது ஒரு பழம் இருக்க வேண்டும். குடிதண்ணி இலவசம். எண்ணெயில் பொரித்தது வாரத்தில் இன்ன நாள்தான். இவ்வளவையும் எழுத்தில் கொண்டுவந்து, தெரிவு செய்யும்போது வாடகைத் தொகையை மட்டும் பார்க்காமல் சாப்பாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் ஒருவர் எழும்பி, 'வாடகை குறைந்தால் பாடசாலைச் செலவுக்கு எங்கே போவது?' என்பார். நியாயமான கேள்வி, மழுப்ப வேண்டாம். எவ்வளவு குறையும் என்று ஒரு தொகையோடு போங்கள். அதைப் பழைய மாணவர் சங்கம் பொறுப்பெடுக்குமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கணக்கில்லாமல் போனால் அந்த ஒரு கேள்வியோடு கூட்டம் கலைந்துவிடும்.

ஒப்பந்தத்தைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வலயக் கல்வி அலுவலகத் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். எடுத்தவுடனே அதை நீட்டாதீர்கள். அதிபர்களில் பலருக்கும் இது பிடிக்காத கன்டீன்தான், பெற்றோர் பக்கத்திலிருந்து கடிதம் வந்தால் அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். கடிதத்தின் பிரதியை எம்.ஓ.எச்.சுக்கும் கொடுங்கள்.

ஏறாவூரிலிருந்து: கேற்றுக்கு வெளியே ஐஸ்கிரீம் வண்டியும் அச்சாறும். அதை எப்படி நிறுத்துவது?

முழுக்க நிறுத்த நினைக்காதீர்கள், அது அவர்களின் பிழைப்பு. சுத்தம், கலப்படம் என்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நடவடிக்கை எடுக்கலாம். எங்கே நிற்பது என்பதை உள்ளூராட்சி சபையோடு பேசலாம். பாடசாலை விடும் நேரத்தில் வாசலை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னால் பலர் கேட்பார்கள். உள்ளே நல்ல சாப்பாடு இருந்தால் வெளியே கூட்டமும் குறையும்.

அக்கரைப்பற்றிலிருந்து: வாங்கிக் கொடுப்பது தாய் தகப்பன். பிறகு ஏன் வரி, சட்டம் என்று அரசாங்கத்தை இழுக்கிறீர்கள்?

தாய் தகப்பனுக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருள் மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் கிடைத்து, ரீவியிலும் நாள் முழுக்கப் பாட்டுப் படித்தால், 'வேண்டாம்' என்று ஒரு தாய் எத்தனை தடவை சொல்வா? மெக்சிக்கோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு லீற்றருக்கு ஒரு பெசோ வரி போட்டது, வாங்குவது குறைந்தது. சிலி 2016இல் பொதிகளில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை குத்த வைத்து, அந்த முத்திரை உள்ளவற்றைப் பாடசாலைகளில் விற்பதையும் நிறுத்தியது. எங்கள் நாட்டிலும் 2017 நவம்பரில் குளிர்பானத்துக்குச் சீனி ஒரு கிராமுக்கு 50 சதம் வரி வந்தது. பிறகு தளர்த்திவிட்டார்கள். அந்த நேரம் பெற்றோர் சங்கங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

பொத்துவிலிலிருந்து ஒரு மாணவி: போத்தலில் இருக்கும் நிற வட்டம் என்ன, சேர்? செம்மஞ்சள் என்றால் பரவாயில்லையா?

2016 ஆகஸ்டில் வந்த ஒழுங்குவிதி, மகள். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2019இல் திட உணவுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று மூன்றுக்கும் கொண்டுவந்தார்கள்.

செம்மஞ்சளை நம்பி ஏமாறாதே. 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை முடித்தால் 40 கிராம், ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. சேர்த்த சீனி ஒரு நாள் சக்தியில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது சரியாக 40 கிராம். ஒரு போத்தலோடு அன்றைய பங்கு முடிந்தது. நிறத்தைப் பார்த்துவிட்டுப் போத்தலின் அளவையும் பார்.

செங்கலடியிலிருந்து ஒரு தாய்: மகன் ஐந்தாம் ஆண்டு. உடற்பயிற்சி நேரத்திலும் புலமைப்பரிசில் வினாத்தாள். பின்னேரம் டியூசன். எப்போது ஓடுவான்?

எழுதும்போதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும், ஓடவே மாட்டான். 5 முதல் 17 வயதுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடம் உடல் அசைய வேண்டும். எங்கள் வெயிலில் மத்தியானம் விளையாட முடியாது. நாலு மணிக்குப் பிறகுதான் நேரம், அதை டியூசன் பிடித்துக்கொண்டது. தனியே உங்கள் பிள்ளையை நிறுத்தினால் 'பின்தங்கிவிடுவான்' என்ற பயம் வரும். வகுப்புப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து டியூசன் ஆசிரியரிடம் போங்கள். கிழமையில் இரண்டு பின்னேரம் வகுப்பு வேண்டாம் என்று ஒன்றாகச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுப்பதை நிறுத்தும்படி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு பந்தும் கிளித்தட்டுக்குக் கோடு கீற ஒரு தடியும் போதும், பெரிய செலவு இல்லை.

சாய்ந்தமருதிலிருந்து ஒரு சகோதரி: பெண் பிள்ளைகள் பருவம் அடைந்த பிறகு மைதானப் பக்கமே போவதில்லை. பெற்றோரும் விடமாட்டார்கள். இதற்கு ஏதும் வழி?

கேட்டதற்கு நன்றி. 'பெற்றோர் மனம் மாற வேண்டும்' என்று பிரசங்கம் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், மைதானம் நிரம்பவில்லை. பெற்றோரிடம் ஏன் விடமாட்டீர்கள் என்று கேட்டால், நான் கேட்ட வரையில் பதில்கள் ஒரே மாதிரி. ஆம்பிளைப் பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். மலசலகூடம் இல்லை, இருந்தால் பூட்டு. சொல்லிக்கொடுக்கப் பெண் ஆசிரியை இல்லை. மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) முன் வீட்டுக்கு வர வேண்டும்.

இவை எல்லாம் செய்யக்கூடிய வேலைகள். உள்ளூராட்சி சபையிடம் மூன்றே மூன்று விடயம் கேளுங்கள்: கிழமையில் இரண்டு பின்னேரம் பெண்களுக்கு மட்டும் என்று மைதானத்தின் பலகையில் எழுதுவது, மலசலகூடச் சாவியை அந்த நேரம் ஒரு பெண்ணிடம் கொடுப்பது, வீதிப் பக்கம் மறைப்பு ஒன்று. தாய்மாரும் நடக்க வரட்டும். தாய் நடந்தால் மகளை விடுவதில் தடை இருக்காது. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முதலிலேயே பேசுங்கள். பிறகு போய்ச் சமாதானம் சொல்வதைவிட அது இலேசு. உடுப்பு அவர்களின் விருப்பம், ஹபாயாவுக்கு உள்ளே காற்சட்டையும் சப்பாத்தும் போட்டால் பந்து எறிய முடியாதா என்ன?

திருக்கோவிலிலிருந்து ஓர் இளம் ஆசிரியை: வகுப்பில் எல்லோர் முன்னாலும் நிறை பார்த்து வாசிக்கச் சொல்கிறார்கள். சரியா?

பிழை. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளில் பார்ப்பார்கள், அதைத் தனியே பார்த்துப் பெற்றோருக்குச் சொன்னால் போதும். 'குண்டு' என்று பட்டம் வாங்கிய பிள்ளை அதற்குப் பிறகு மைதானத்துக்கே வராது.

கல்முனையிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: கிழமைக்கு இரண்டு பிறந்தநாள். ஒவ்வொன்றுக்கும் கேக், டொபி, ஜூஸ். வேண்டாம் என்றால் பெற்றோர் கோபிக்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மாதத்துக்கு ஒரு நாளாக்குங்கள். அந்த மாதத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கேக், ஒரே பாட்டு. மற்ற நாட்களில் கொண்டுவர ஆசைப்பட்டால் வாழைப்பழச் சீப்போ ஒரு பந்தோ கொண்டுவரட்டும். வருட ஆரம்பத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நடுவில் மாற்றினால்தான் 'என் பிள்ளைக்கு மட்டும் ஏன்' என்று வரும்.