மீட்டர் குறைத்து விற்ற கார்: தவணையை நிறுத்தாதீர்கள்

40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொன்னதை நம்பி கடனில் வாங்கிய காரின் பழைய சர்வீஸ் பில்லில் 1,10,000 இருக்கிறது என்கிறீர்கள். கோபத்தில் மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கெடுவது உங்கள் கடன் வரலாறுதான். விளம்பரம் இன்னும் இருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்குக் காணாமல் போகும். அப்புறம் விற்றவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், வண்டி அதிகம் ஓடியதற்கு அடையாளமாக அதையும் படமெடுங்கள்.

போனில் சண்டை போட்டுப் பயனில்லை. காரைத் திருப்பித் தருகிறேன், கட்டிய பணம் வேண்டும் என்று விற்றவருக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். கடனை விற்ற டீலரே ஏற்பாடு செய்தாரா? சில ஒப்பந்தங்களில் கடன் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு, படித்துப் பாருங்கள். இது முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். தினமும் ஓட்டினால், ‘தெரிந்தேதானே வைத்துக்கொண்டீர்கள்’ என்பார்கள்.