பிராட் தெரு பம்பு

கேள்வி: 1854-இல் லண்டன் சோஹோவில் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றதாமே? - வாசகர், மன்னார்குடி

பதில்: செப்டம்பர் 8-இல் கழற்றியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே சாவு குறையத் தொடங்கியிருந்தது. ஊரைவிட்டு ஓடியவர்களும் ஏராளம்.

என்னை உலுக்குவது, அந்தப் பம்புத் தண்ணீரால்தான் காலரா பரவியது என்று சொன்ன மருத்துவர் ஜான் ஸ்நோ விசாரித்த விதம். பக்கத்து பீர் ஆலையில் ஒருவர்கூடச் சாகவில்லை. பீர் இருந்தது, சொந்தக் கிணறும் இருந்தது. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி, ருசிக்காக அந்தத் தண்ணீரை வரவழைத்துக் குடித்து இறந்தார்.

அப்புறம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். ஸ்நோ சொன்னதை நம்பாமல்தான் தேடத் தொடங்கினார். பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதன் துணி அலசிய தண்ணீர் போன மலக்குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. செங்கல் சிதைந்து கசிந்திருக்கிறது. அந்தத் தாயை நினைத்தால் மனம் கனக்கிறது. பிள்ளையின் துணியைத்தானே அலசினார்!