பேரிடருக்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்ட அரசுத் தலைமை அவசியமா, தொண்டு நிறுவனங்களே போதாதா?

முதல் சில வாரங்களுக்கு, ஓரளவு போதும். சோறு, தண்ணீர், மருந்து, கூடாரம் இதெல்லாம் யார் கொடுத்தாலும் உதவிதான். அதன்பிறகு வருகிற கேள்விகள் வேறு மாதிரி. வேலியும் வரப்பும் அடித்துப்போன இடத்தில் யாருடைய நிலம் எது? வாடகைக்கு இருந்தவருக்கு வீடு உண்டா? கரையோரம் மறுபடி கட்டலாமா? எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் ஒரு தொண்டு நிறுவனம் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது.

நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம். ஜூன் மாதமே காட்மாண்டுவில் மாநாடு கூட்டி, 400 கோடி டாலருக்கு மேல் தருவதாக உலக நாடுகளும் வங்கிகளும் வாக்குக் கொடுத்துவிட்டன. ஆக, பணம் பிரச்சினை இல்லை. அதை வாங்கிச் செலவழிக்க வேண்டிய தேசிய மறுகட்டுமான ஆணையத்தை அவசரச் சட்டம் போட்டு அமைத்தார்கள். அந்த அவசரச் சட்டத்தை நாடாளுமன்றம் உரிய காலத்தில் முறையான சட்டமாக்காததால் அது காலாவதியாகிவிட்டது. தலைவர் பதவியில் யாரை உட்கார வைப்பது என்று கட்சிகளுக்குள் இழுபறி வேறு. ஆணையம் முறைப்படி உயிர்பெற்றது டிசம்பரில். அதற்குள் மழைக்காலம் போய்க் குளிர்காலமே வந்துவிட்டது. மலைக் கிராமங்களில் மக்கள் தகரக் கொட்டகைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் ஆட்சி மாறும்போது ஆணையத் தலைவரும் மாறினார்.

இதற்கு நேர்மாறாக, நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, அடுத்த ஏப்ரலில் பிஆர்ஆர் என்ற மறுகட்டுமான அமைப்பைத் தொடங்கினார்கள். தலைவராகப் போட்டது முன்னாள் சுரங்கத் துறை அமைச்சர் குந்தோரோ மங்குசுப்ரோதோவை. அமைச்சர் அந்தஸ்து, நேரடியாக அதிபரிடம் பேசும் உரிமை, சொந்த பட்ஜெட், ஊழலைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு. தலைமை அலுவலகம் ஜகார்த்தாவில் இல்லை, பாதிக்கப்பட்ட பண்டா ஆச்சேயிலேயே. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கோப்பு தலைநகருக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருப்பது என்னவென்று அரசு அலுவலக வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

வந்து குவிந்த நிறுவனங்கள், எந்த ஊரில் என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டக் குறிப்பை பிஆர்ஆரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரே ஊருக்கு நாலு பேர் படகு கொடுத்து, பக்கத்து ஊருக்கு ஒன்றும் இல்லாமல் போவதைத் தடுக்க வேறு வழியில்லை. நில எல்லைக்கு ஊர்க்காரர்களையே கூட்டி, அவர்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதை வைத்து நில அலுவலகம் அளந்து பட்டா கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். (பட்டா கைக்கு வந்தது மெதுவாகத்தான்.) குறைகளும் இருந்தன. ஆரம்பத்தில் கட்டிய சில வீடுகளைத் தரமில்லை என்று இடித்துத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. ஆனாலும் நான்கு ஆண்டில் ஏறத்தாழ 1,40,000 வீடுகள் எழுந்தன. சொன்னபடி 2009 ஏப்ரலில் அமைப்பையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சின்கியில், தனி நாடு கேட்டு ஆயுதம் ஏந்தியிருந்த ஆச்சே கிளர்ச்சியாளர்களோடு அரசு சமாதான ஒப்பந்தம் போட்டது. அது நடந்திருக்காவிட்டால் எவ்வளவு திறமையான தலைவர் வந்தும் பாதி ஊர்களுக்குள் சிமெண்ட் லாரியே போயிருக்காது.

சீனா செய்தது வேறு வகை. 2008 வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு மாவட்டத்தையும் ஒரு வசதியான மாகாணத்தின் தலையில் கட்டினார்கள். முந்தைய ஆண்டு வருவாயில் 1 சதவீதத்தையாவது அதற்கு ஒதுக்கவேண்டும் என்பது உத்தரவு. வேலை வேகமாக முடிந்தது. ஆனால் உத்தரவு போட்டால் மாகாணங்கள் மறுபேச்சில்லாமல் கேட்கும் நாட்டில்தான் அது நடக்கும்.

அப்புறம், "அப்படியானால் எல்லா அதிகாரத்தையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குத் தயக்கம். 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்து அரசு அப்படித்தான் பரந்த அதிகாரத்தோடு ஒரு தனி ஆணையத்தை அமைத்தது. குடியிருக்க ஏற்றதில்லை என்று முடிவு செய்த பகுதிகளைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்து, அங்கிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை அரசே விலைக்கு வாங்கியது. வேகமான, பெரும்பாலும் நல்ல முடிவுதான். ஆனால் காப்பீடு இல்லாதவர்களுக்கும் காலி மனை வைத்திருந்தவர்களுக்கும் நிலத்தின் மதிப்பில் பாதிதான் தருவோம் என்றார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தப் பாதி விலை முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதல்ல, மறுபடி யோசியுங்கள் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லும்போது நிலநடுக்கம் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.